மலேசிய ஊடகத் தளர்வும் ஆய்வாளர் சான்றும்

இந்நாட்டு இதழியல், ஒலிபரப்பு ஆகியவற்றின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு நம் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் படித்து வருவோர், அவற்றில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் கண்டிருப்பர். எண்பதுகளில் அரசு ஊடகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது; தனியார்மயம் வந்தது; அதன் பயனாகக் கருத்துரிமை வளர்ந்தது என்பது அக்கருத்து. மூன்று கூற்றுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பனபோல் வரிசையாக அமைந்துள்ளன. படிப்பதற்கும் இனிமையாக உள்ளன. ஆயின் அவற்றின் அடிக்குறிப்பைத் தேடிச் சென்றால் பெரும்பாலும் ஒன்றும் இராது. இருப்பின், இதே கருத்தை முன்னர் எழுதிய பிறிதொரு கட்டுரையின் பெயரே இருக்கும். அக்கட்டுரையைத் தேடிச் சென்றால் அங்கும் அவ்வாறே.

தளர்ந்தது எச்சட்டம்? எந்நாளில்? யார் கையிலிருந்து யார் கைக்கு என்ன மாறியது? இவ்வினாக்களைக் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஊடக வரலாறு ஒரு பாடம், சான்றுகளைக் கையாளும் முறை வேறொரு பாடம் என்று பிரித்துக் கற்பிப்பது நம் வழக்கமாக உள்ளது. இந்நாட்டைப் பொறுத்தமட்டில் அவ்விரண்டையும் பிரித்தல் அரிது. நாம் சான்றாக எடுத்தாளும் இதழ்த்தாள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வழங்கிய உரிமத்தின்கீழ் அச்சேறியதாகும். உரிமத்தின் வரலாற்றை அறியாதவர், அத்தாளில் அச்சாகியிருப்பதை மட்டும் படிப்பர். அச்சேறாமற் போனது எது என்று கேட்க அவருக்குத் தோன்றாது.

சான்று காட்டும் மரபு மேலைநாட்டார் கற்பித்தது என்று எண்ணித் தயங்குவார் நம்மிடையே உளர். அத்தயக்கம் வேண்டுவதன்று. தொல்காப்பியர் தமக்கு முற்பட்ட புலவர் கருத்தைச் சொல்லுமிடங்களில், அது பிறர் கருத்து என்பது விளங்கும்படி அதற்கென அமைந்த சொற்களைக் கையாண்டார். உரையாசிரியர் தாம் மறுக்கும் உரையையும் எடுத்துக்காட்டிய பின்னரே மறுத்தனர். 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டே பதிப்பு வேலை செய்தார். ஒரு சுவடியை மட்டும் நம்பி அவர் அமைந்துவிடவில்லை. இதழ்த்தாளும் ஒருவகைச் சுவடியே. அதனை எழுதியவர், எழுதுவித்தவர், எழுதும் காலத்தில் அவர்மேல் இருந்த அச்சம் ஆகியவற்றையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

1941 ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் இதனைத் தெளிவாகக் காட்டும். போர் காரணமாக ரப்பருக்குத் தேவை பெருகியிருந்த காலம் அது. தோட்ட முதலாளிகளுக்கு ஆதாயம் கூடியது. சந்தையில் விலைவாசியும் கூடியது. தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி மட்டும் அதற்கேற்ப உயரவில்லை. சீனத் தொழிலாளி பெற்ற கூலியினும் அது குறைவாக இருந்தது. அந்நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளரை ஒன்றுதிரட்டியவர்களுள் முன்னின்றவர் ஆர். எச். நாதன். அவர் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டின் முற்பகுதியில் மூண்ட வேலைநிறுத்தங்கள் ஓரளவு கூலி உயர்வோடு தணிந்தன. மே 5 ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அக்கைதுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாக மீண்டும் வேலைநிறுத்தம் பரவியது. படை வரவழைக்கப்பட்டது; சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இந்நிகழ்ச்சிக்குரிய எழுத்துச் சான்றுகளுள் விரிவானவை யாரிடம் இருந்து வந்தவை? துரைமாரிடமிருந்தும், தொழிலாளர் இலாகாவிடமிருந்தும், அப்போது ஆளுநராகவும் உயர் ஆணையராகவும் இருந்த சர் ஷென்டன் தாமஸ் அலுவலகத்திடமிருந்தும் இலண்டனுக்குச் சென்றவை. பால்மரம் சீவியோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. அவர்தம் கடிதங்களைக் காத்துவைக்க இலாகா எதுவும் இருந்ததில்லை. மைக்கேல் ஸ்டென்சன் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட மலேசிய இந்தியர் பற்றிய நூலும், எச். இ. வில்சன் 1981 ஆம் ஆண்டு இவ்வேலைநிறுத்தத்தையே பொருளாகக் கொண்டு எழுதிய நூலும் பெரிதும் அக்கோப்புகளின் துணையால் உருவானவை. ஆகவே, ஒடுக்கியவர் எழுதிவைத்த ஏட்டிலிருந்துதான் ஒடுக்கப்பட்டவர் வரலாற்றை நாம் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே சான்றைக் கையாளும் முறை இன்றியமையாததாகிறது. ஆட்சியாளர் ஆவணம் நாதனைத் தூண்டிவிடுபவர் என்ற நோக்கில் பார்க்கிறது. அந்த நோக்கை மாணவர் தம் வாக்கியத்தில் மேற்கோள் குறியின்றி எழுதிவிட்டால், அரசின் தீர்ப்பு அவருடைய தீர்ப்பாகிவிடும்; எழுதியவருக்கே அது தெரியாது. அதே ஆவணங்களில் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலும் பதிவாகியுள்ளது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தகுதியுள்ள ஆசிரியரைக் கொண்ட பள்ளி, மருத்துவ வசதி, பெண்களுக்குத் தொல்லை தருவோர்மேல் நடவடிக்கை, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அதில் உள்ளன. துரையும் கிராணியும் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அதில் ஒரு கோரிக்கை. வெளியார் ஒருவர் வந்து மூட்டிவிட்ட அரசியல் கலகம் என்று மட்டும் கொண்டால் அந்த மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு நாளும் வண்டியிலிருந்து இறங்கி நின்றவனுக்கே அது கோரிக்கையாகத் தோன்றியிருக்கும். ஓர் ஆவணம் சொல்லும் முடிவை அதே ஆவணத்தில் உள்ள செய்தியே ஐயுற வைக்கும் இடம் இது. இவ்விடங்களைக் காணப் பழகுவதே ஆய்வுப் பயிற்சி.

அம்மாதத்துத் 'தமிழ் நேசன்' தாள்களையும் மாணவர் தேடலாம், தேடவும் வேண்டும். ஆயின் அவ்விதழின் ஆசிரியக் குழுவைச் சேர்ந்தவரே சிறைப்பட்ட மாதம் அது. போர்க்காலக் கட்டுப்பாடுகளும் நடப்பில் இருந்தன. அவ்விதழ் என்ன எழுதியது என்பதோடு, எவற்றை எழுதுவது அதற்கு இயலாததாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தே படிக்க வேண்டும். ஓர் இதழில் ஒரு செய்தி காணப்படவில்லை என்பதால் அச்செய்தி நிகழவில்லை என்று முடிவு கட்டுவோர், குடியேற்ற ஆட்சியின் உரிம முறை எதை விரும்பியதோ அதையே எண்பது ஆண்டுகள் கழித்தும் செய்து கொடுப்பவராவர்.

போருக்குப் பின்னர், 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே, அச்சகச் சட்டம் புதிய வடிவில் வந்தது. நாளிதழ் நடத்துவோர் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற முறை அதனோடு நிலைபெற்றது. நாடு 1957 இல் விடுதலை பெற்ற பின்னரும் அம்முறை நீடித்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின்னர் அச்சட்டம் மேலும் இறுக்கம் பெற்றது. கம்யூனிச எதிர்ப்புப் போருக்கென அமைந்த ஒரு கருவி, அப்போர் ஓய்ந்த பின்னரும் கைமாறிக் கைமாறி வந்தது என்பதே இக்காலப் பகுதியின் சாரம். இதில் விரித்துரைக்க வேண்டுவது அதிகமில்லை.

இனி 1984 ஆம் ஆண்டுக்கு வருவோம். மாணவர் கட்டுரைகளில் தளர்வின் ஆண்டாகப் போற்றப்படுவது இதுவே. அதற்குக் காரணமும் உண்டு. அதுவரை இந்நாட்டில் தொலைக்காட்சி என்றால் அரசின் தொலைக்காட்சிதான். 1963 டிசம்பர் 28 ஆம் நாள் தொடங்கப்பெற்ற அது, பின்னர் வானொலியோடு ஒன்றிணைந்து, பிரிக்பீல்ட்ஸுக்குத் தொலைவில்லாத அங்காசாபுரி மாளிகையிலிருந்து இயங்கி வந்தது. 1983 இல் பிரதமர் டாக்டர் மகாதீர் தனியார்மயக் கொள்கையை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூன் 1 ஆம் நாள் டிவி3 தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சி அது. தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள்தாம் அதனைக் காண முடிந்தது. ஆகவே 1984 இல் மலேசிய மக்கள் தனியார் தொலைக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தனர் என்று பொதுப்பட எழுதுவது, பினாங்கில் இருந்தவரையும் கிளந்தானில் இருந்தவரையும் இல்லாத திரைக்கு முன்னால் அமர்த்துவதாகும்.

அதே ஆண்டு செப்டம்பர் 1 ஆம் நாள் வேறொன்றும் நடப்புக்கு வந்தது. அது 1984 ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். 1948 இன் பழைய சட்டத்தின் இடத்தில் அமர்ந்த இச்சட்டம், ஆண்டு உரிமத்தை நீக்கவில்லை. இதழ் வெளியிடுவோரும் அச்சகம் நடத்துவோரும் உள்துறை அமைச்சரிடம் உரிமம் பெறவேண்டும். அவர் அதனை வழங்கலாம், மறுக்கலாம், மீட்டுக்கொள்ளலாம். டிவி3 தோன்றியதற்கும் இச்சட்டம் நடப்புக்கு வந்ததற்கும் இடையே மூன்று மாதங்களே. ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரு கதவைத் திறந்தது. மற்றொரு கதவின் தாழை மாற்றிப் புதிய தாழ் இட்டது. கதவு திறந்த செய்தியை மட்டும் எழுதுபவர் பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் அவர் எழுதியது வரலாறாகாது.

திறந்த கதவின் வழியே நுழைந்தவர் யார் என்பது அடுத்த வினா. டிவி3 இல் பெரும்பங்கு கொண்டிருந்த பிளீட் குழுமம், ஆளுங்கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவோடு தொடர்புடையது. ம.இ.கா. முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனமும் அதில் பங்கு பெற்றது. அந்த மைக்காவுக்குத் தோட்டப்புறத் தமிழர் பலர் தங்கள் சேமிப்பை எடுத்துக் கொடுத்திருந்தனர். எனவே கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழ்ந்து, மைக்காவில் பங்கு வாங்கிய ஒருவர், தாம் அறியாமலேயே நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சிக்கு மிகச் சிறிய பங்குதாரராகவும் இருந்திருக்கக்கூடும். அத்தொலைக்காட்சியில் என்ன பேசப்பட வேண்டும் என்பதில் அவருக்குக் குரல் இருந்ததா என்பது வேறு வினா. தனியார் என்ற சொல் இங்கே அரசு அல்லாதவர் என்று பொருள்படுகிறதே தவிர, அரசியல் அல்லாதவர் என்று பொருள்படவில்லை. அரசியலுக்கும் வணிகத்துக்கும் இடையே உள்ள இவ்வுறவை ஆராய விரும்பும் மாணவர், எட்மண்ட் டெரன்ஸ் கோமஸ் எழுதிய நூல்களில் தொடங்கி, அவர் சுட்டும் நிறுவனப் பதிவேடுகள்வரை செல்லுதல் நன்று. அவர் நூலை எடுத்துக்காட்டிவிட்டுப் பதிவேட்டைக் கண்டதுபோல் எழுதுதல் முறையன்று. கையில் எடுத்துப் படித்தது எதுவோ அதையே சான்றாகக் காட்ட வேண்டும். பிறர் வழியாக அறிந்தது எனின், அவ்வாறே குறிப்பிட வேண்டும்.

தளர்வு என்னும் சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதையும் நோக்குக. அமெரிக்காவில் 1987 இல், சர்ச்சைக்குரிய பொருள்களில் இருதரப்புக் கருத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி கைவிடப்பட்டபோது, அதனைத் தளர்வு என்றனர். அங்கே விலகியது ஒரு விதி. இந்தியாவில் வெளிநாட்டுத் துணைக்கோள்களின் வழியே தனியார் அலைவரிசைகள் வந்து இறங்கின; சென்னையில் 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றியது; 1995 இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுமக்களின் உடைமை என்று தீர்ப்பளித்தது. அங்கே நிகழ்ச்சி முந்தியது, சட்டம் பிந்தியது. மலேசியாவில் விதி விலகவும் இல்லை, வேலி தாண்டி யாரும் புகவும் இல்லை. உரிமம் வழங்குவோர் அவ்வாறே இருக்க, உரிமம் பெறுவோரின் எண்ணிக்கை கூடியது. தனியார் ஒலிபரப்புக்கென ஒரு சட்டமே 1988 இல்தான் வந்தது. ஆகவே அமெரிக்க நூலொன்றில் உள்ள விளக்கத்தை அப்படியே மொழிபெயர்த்து நம் நாட்டுக்குப் பொருத்திவிடுவது, வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை அணிந்துகொள்வது போன்றது.

உரிமத்தின் வலிமை என்ன என்பதை 1987 அக்டோபர் காட்டியது. ஒப்பராசி லாலாங் என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதான வேளையில், 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்று இதழ்களின் உரிமங்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அடுத்த ஆண்டுதான் அவை மீண்டும் வெளிவந்தன. 'தி ஸ்டார்' இதழில் முன்னாள் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதி வந்த பத்தி அதன்பின் முன்போல் இடம்பெறவில்லை. அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்க இயலாதவாறு அச்சகச் சட்டமும் திருத்தப்பட்டது. தடைபட்டவற்றுள் தமிழ் இதழ் ஒன்றும் இல்லை. அதனால் இது நமக்குரிய செய்தி அன்று எனக் கடந்து செல்லுதல் கூடாது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஒருவர், அண்டை வீட்டான் கதவில் பூட்டு விழுவதைக் கண்ட பின்னர் எப்படி எழுதுவார் என்பதே நமக்குரிய வினா. 1987 நவம்பர் மாதத் தமிழ் இதழ்களைப் படிக்கும் ஆய்வாளர் அந்த வினாவோடு படிக்க வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. நூலகத்தில் கட்டடம் செய்யப்பட்ட இதழ்த் தொகுதியில் சில மாதத் தாள்கள் இல்லையெனில், மாணவர் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்று எழுதி முடித்துவிடுகின்றனர். தாள் இல்லாமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தாள் தொலைந்திருக்கலாம், நூலகம் வாங்காமல் இருந்திருக்கலாம், இதழே அந்நாளில் அச்சேறாமல் இருந்திருக்கலாம். 1987 இன் இறுதியில் 'தி ஸ்டார்' தொகுதியில் விழுந்த இடைவெளி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அந்த வெற்றிடமும் ஒரு சான்று; அதற்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

1996 இல் அஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு வந்தது. அதன் வானவில் அலைவரிசை வழியே தமிழ் நிகழ்ச்சிகள் நாள் முழுதும் வீட்டுக்குள் வந்தன. அதுவரை வானொலியின் தமிழ்ப் பகுதியையும் தொலைக்காட்சியின் சில மணி நேரத்தையும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய மாற்றமே. அதே ஆண்டு தொடங்கப்பெற்ற பல்லூடகப் பெருவழித் திட்டத்தில், முதலீட்டாளர்களுக்கு இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்ற உறுதி அளிக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அக்கருத்து இடம்பெற்றது. ஆயினும் அதே சட்டத்தின் 233 ஆம் பிரிவு, பிறர் மனத்தைப் புண்படுத்தும் வகையில் மின்வழிச் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது. முதல் உறுதியை மட்டும் எடுத்துக்காட்டுவோரும் உளர். 233 ஐ மட்டும் எடுத்துக்காட்டுவோரும் உளர். ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள் அவை. சட்டத்தைச் சுருக்கக் குறிப்பில் படிப்பதற்கும் முழுதாகப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய இடங்களிலேயே வெளிப்படும். 2025 ஜனவரி முதல் பெரிய சமூக ஊடகத் தளங்களும் உரிமம் பெற வேண்டும் என்ற முறை வந்துள்ளது. அச்சகத்தோடு தொடங்கிய சொல் இப்போது கைப்பேசித் திரைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

அச்சிதழ்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறை 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழியும் மீண்டும் திறந்தது. நம் மாணவர் எண்பதுகளில் தேடும் தளர்வு, அச்சுத் துறையைப் பொறுத்தவரை, உண்மையில் இந்த ஆண்டில்தான் ஒரு பகுதியேனும் நிகழ்ந்தது எனலாம். பகுதி என்பதற்குக் காரணம், உரிமம் பெறவேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை என்பதே. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரித் தொடக்கத்தில், 'தமிழ் நேசன்' நின்றது. 1924 செப்டம்பர் 10 ஆம் நாள் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய அவ்விதழ், குடியேற்ற ஆட்சியின் உரிமத்தையும், போரையும், அவசரகாலத்தையும், 1984 இன் சட்டத்தையும் கடந்து வந்தது. அதனை நிறுத்தியது அமைச்சர் அல்லர்; இழப்பு. உரிமத்தின் பிடி தளர்ந்த பின்னர் விற்பனையின் பிடி இறுகியது. ஊடகத்தை ஒழுங்குசெய்யும் ஆற்றல் சட்டத்திடம் மட்டுமே உள்ளது என்று கொள்ளும் ஆய்வு, 94 ஆண்டு வாழ்ந்த ஓர் இதழின் முடிவை விளக்க இயலாமல் நிற்கும்.

செய்தித்தாளைச் சான்றாகக் கொள்வோர் செய்யும் வேறு சில பிழைகளும் உண்டு. மூன்று தமிழ் நாளிதழ்களில் ஒரே செய்தி வந்திருப்பதைக் கண்டு, மூன்று சான்றுகள் கிடைத்தன என மாணவர் மகிழ்வர். மூன்றும் பெர்னாமா அனுப்பிய ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பாக இருப்பின், சான்று ஒன்றே. நாடாளுமன்றச் சட்டத்தால் 1967 இல் அமைக்கப்பெற்ற செய்தி நிறுவனம் அது. மூன்று மொழிபெயர்ப்புகளும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால், அவ்வேறுபாடு ஒவ்வோர் இதழின் சார்பையும் சொல்லும்; அந்த அளவில் மட்டுமே அவை மூன்று.

நம்மவர் வீடுகளில் பெட்டியின் அடியில் கிடக்கும் இதழ் நறுக்குகள் பற்றியும் சொல்லவேண்டும். திருமணச் செய்தி, சங்கக் கூட்டம், மாணவர் தேர்ச்சி என ஏதோ ஒன்றுக்காக வெட்டி வைத்திருப்பர். நாளும் இதழ்ப் பெயரும் கத்தரிக்கோலுக்கு இரையாகியிருக்கும். இவற்றைத் தள்ளிவிட வேண்டா. செய்தியில் வரும் பெயர்களே காலத்தைக் காட்டிக் கொடுக்கும். துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று குறிக்கப்பட்டிருப்பின், அது 1972 இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறுவதற்கு முற்பட்டதாக இருத்தல் கூடும். கோலாலம்பூரைச் சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்ததாகச் சொன்னால், 1974 பிப்ரவரி 1 ஆம் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாவதற்கு முன்னையது எனக் கருதலாம். பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை துன் சம்பந்தன் பெயரால் குறிக்கப்படுகிறதா, பழைய பெயராலா என்பதும் உதவும். நறுக்கைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் திரைப்பட விளம்பரம் ஒன்று பாதியாக நிற்கும். படம் வெளிவந்த ஆண்டு மற்றோர் எல்லையைத் தரும். மக்கள் பழைய பெயரை விடாமல் வழங்குவர் ஆதலின், ஒரு குறிப்பை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வாறு காலம் கணித்தவர், கணித்த முறையையும் அடிக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறொருவர் மூலத் தாளைக் கண்டெடுத்துத் திருத்த நேர்ந்தால் அவருக்கு அது வழி காட்டும்.

வானொலிக்கு இந்த வசதியும் இல்லை. ஒலித்தது காற்றோடு போயிற்று. பதிவு நாடா கிடைக்காத நிகழ்ச்சிகளுக்கு, இதழ்களில் வந்த நிகழ்ச்சி நிரலும், பணியாற்றியோர் நினைவுமே துணை. நினைவைச் சான்றாகக் கொள்வது தவறன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புப் பகுதிகளாக மாறிவிட்ட கிள்ளானில், முதியோர் நினைவே சில இடங்களுக்கு எஞ்சியுள்ள ஆவணம். ஆயின் அவர்களிடம் எந்த ஆண்டு என்று கேட்பதைவிட, மூத்த பிள்ளை பள்ளியில் சேர்வதற்கு முன்பா பின்பா, வெள்ளி என்பது ரிங்கிட் ஆவதற்கு முன்பா பின்பா என்று கேட்பது பயன் தரும். விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, ஆண்டை ஆய்வாளர் தனியே கணித்தல் வேண்டும்.

தமிழ் இதழ்களைத் தேடப் புகுவோர்க்கு முதல் வழிகாட்டி, இராம. சுப்பையா தொகுத்து 1969 இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களும் இதழ்களும் அதில் இடம்பெற்றுள்ளன. கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் நடத்திய 'தமிழ் முரசு' இதழின் பழைய தாள்கள் அந்நாட்டுத் தேசிய நூலகத்தால் மின்வடிவில் தரப்பட்டுள்ளன. மலாயாச் செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. எளிதிற் கிடைப்பதால் அதனையே எல்லாவற்றுக்கும் சான்றாகக் கொள்ளும் போக்கு இன்று வளர்ந்து வருகிறது. கிள்ளானில் நடந்ததைச் சிங்கப்பூரிலிருந்து பார்த்த கண் அது என்பதை மறவாமல் பயன்படுத்தினால் போதும்.

இப்பொருளில் ஆய்வேடு எழுத விரும்பும் மாணவர்க்கு ஒரு வேலையைப் பரிந்துரைக்கலாம். 1984 ஜூன் முதல் செப்டம்பர்வரை உள்ள தமிழ் நாளிதழ்த் தொகுதி ஒன்றை நூலகத்தில் கேட்டு வாங்குக. டிவி3 தொடங்கிய செய்திக்கு எத்தனை பத்தி, எந்தப் பக்கம் தரப்பட்டுள்ளது என எண்ணுக. புதிய அச்சகச் சட்டம் நடப்புக்கு வந்த செய்திக்கு எத்தனை பத்தி, எந்தப் பக்கம் என்பதையும் எண்ணுக. அதன்பின், அச்சட்ட முன்வரைவு விவாதிக்கப்பட்ட நாள்களின் ஹன்சார்டு என்னும் நாடாளுமன்றப் பேச்சுப் பதிவை எடுத்து, யார் எழுந்து பேசினர், எவர் பேச்சு இதழில் வந்தது, எவர் பேச்சு வரவில்லை என ஒப்பிட்டுக் குறித்துக்கொள்க. இவ்வளவும் செய்ய ஒரு வாரம் ஆகும். தளர்வைப் பற்றிய முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை அதற்குப் பின்னரே எழுதத் தொடங்குக.